ஒன்பது பின் மவுஸ்

சார்ஜர் ஒன்று வாங்கத்தான் முபின் அன்று காலை தேரடித் தெருவுக்குப் போயிருந்தான். கோபியின் மொபைல் கடையில் அவனுக்கு முன்னால் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். எழுபதை ஒட்டிய வயது. வெளிர்நீல நூல்புடவை, தோளில் துணிப்பை. பையிலிருந்து ஒரு மவுஸை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். சோப்புக்கட்டி போலச் சதுரமாக, மஞ்சள் பாரித்துப் போயிருந்தது அது.

“இதே மாதிரி ஒண்ணு குடுப்பா. இது ஓட மாட்டேங்குது.”

கோபி அதன் ஒயரைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தான். “எந்தக் காலத்து மவுஸும்மா இது? இதெல்லாம் இப்ப வர்றதே இல்ல. யூஎஸ்பி மவுஸ் தரேன், எடுத்துட்டுப் போங்க. எல்லாத்துக்கும் சேரும்.”

“என்னுதுக்குச் சேராது. சொருவுற எடமே வேற.”

“அப்ப கம்ப்யூட்டரையே மாத்திடுங்க.”

அந்த அம்மா மவுஸை எடுத்துத் திரும்பப் பைக்குள் போடப் பார்த்தார். வலது கை நடுங்கியது. பையின் வாய்க்குள் போகாமல் மவுஸ் விளிம்பில் தட்டித் தட்டி வெளியே வந்தது. முபின் குனிந்து பையை விரித்துப் பிடித்தான். அப்போதுதான் ஒயரின் நுனியைப் பார்த்தான். இரண்டு வரிசையில் ஒன்பது துளைகள் கொண்ட பிளக். இந்த மாதிரி பிளக் வைத்த மவுஸைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

“இது என்ன கம்ப்யூட்டர்ம்மா?”

“ஒரு வெள்ளக்காரரு விட்டுட்டுப் போனது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே ஒடம்பா இருக்கும். இப்ப கீபோர்டும் பாதிக்கு மேல வேல செய்யல.”

“அதுல என்ன பண்ணுவீங்க?”

“செஸ் ஆடுவேன்.”

கோபி சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். முபினுக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் வந்து பாக்கட்டுமாம்மா? எனக்குக் கொஞ்சம் தெரியும்” என்றான். சொல்லிய பிறகுதான், முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “வா. செங்கம் ரோட்ல, ஆசிரமம் தாண்டி ரெண்டாவது சந்து. சந்திரம்மா வீடுன்னு கேளு.”

முபினுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. தண்ணீர் மீட்டருக்குள் இருக்கும் சின்ன சிப்புக்கு புரோகிராம் எழுதுவது அவன் வேலை. சென்னையில் இருந்தான். மனைவி சதஃபும் அவனும் இனி சேர்ந்திருக்க முடியாது என்று பெரியவர்களை வைத்துப் பேசி முடிவான பிறகு, அங்கிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு, அப்பாவும் அம்மியும் காலமான பின் பூட்டிக் கிடந்த பள்ளிவாசல் தெரு வீட்டுக்கே வந்துவிட்டான். வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். வந்த புதிதில் அக்கம்பக்கத்துக்காரர்கள் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள், விசாரித்தார்கள். விசாரிக்க வேறொன்றும் இல்லை என்று ஆனதும் விட்டுவிட்டார்கள். தங்கை தஹ்சீன் ஆம்பூரிலிருந்து பெருநாளைக்குப் பேசுவாள். ஆபீஸ் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். சில நாட்களில் அவன் வாய் திறந்து சொல்லும் ஒரே வார்த்தை, ஹோட்டலில் சொல்லும் ‘பார்சல்’ என்பதாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போனான்.

கீழே ஒரு கூடம், இரண்டு அறை. மாடியில் வாடகைக்கு விட்டிருந்த மூன்று அறைகளும் இப்போது காலி. சன்னல்களுக்கெல்லாம் குரங்குக்காகக் கம்பிவலை அடித்திருந்தது. கூடத்து மூலையில், சுவரை ஒட்டிய மேஜைமேல் அந்தக் கம்ப்யூட்டர். அகலமான சாம்பல்நிறப் பெட்டி. அதன் முன்பாதி முழுக்க விசைகள். பக்கத்தில் ஒரு பழைய டிவி. வெயில் படாமல் இருக்க இரண்டுக்கும் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தார்.

சந்திரம்மாள் பிளாப்பியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். உள்ளே ஏதோ கரகரவென்று தேய்ந்தது. சற்று நேரத்தில் திரையில் சதுரங்கப் பலகை வந்து நின்றது. கட்டம் கட்டமாக, பச்சையும் வெள்ளையுமாக.

“இதோட நின்னுடுது. என்டர் தட்டணும். என்டர் செத்துப்போச்சு.”

முபின் எல்லா விசைகளையும் தட்டிப் பார்த்தான். அடியில் இருக்கும் மெல்லிய தகட்டின் தடங்கள் அழிந்திருக்க வேண்டும். மவுஸின் உருண்டையைக் கழற்றினான். உள்ளே இருந்த ரப்பர் உருளைகள் உருகிப் பிசினாகக் கிடந்தன. இரண்டுக்குமே உதிரி கிடைக்காது.

“போன்லயே செஸ் வருதேம்மா?”

“பொண்ணு போட்டுக் குடுத்தா. அது ரொம்பப் பெரிய ஆளு தம்பி, என்னை நிக்கவே விடாது. லெவல கம்மி பண்ணா, வேணும்னே தப்பா ஆடுது. கொழந்தைக்கு விட்டுக் குடுக்கற மாதிரி.” திரையைக் காட்டினார். “இவன் தெரியாமதான் தப்பு பண்ணுவான். நானும் தெரியாமதான் பண்ணுவேன். ரெண்டு பேருக்கும் சரியாப் போயிடும்.”

முபின் உருண்டையைத் திரும்ப மவுஸுக்குள் போட்டு மூடினான். பிறகு சொன்னான்: “இது பழைய பாஷை பேசற கம்ப்யூட்டர்ம்மா. இப்ப வர்ற மவுஸ், கீபோர்டு எல்லாம் வேற பாஷை. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது. நடுவுல ஒரு துபாஷி மாதிரி சின்ன போர்டு ஒண்ணு வைக்கணும். புது மவுஸ் சொல்றத வாங்கி, இவனுக்குப் புரியற மாதிரி சொல்லும்.”

“அப்ப வை” என்றார் சந்திரம்மாள்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் வேலை முடிந்ததும் முபின் அதில் உட்கார்ந்தான். போர்டு கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. பழைய கம்ப்யூட்டரின் உடம்பைத் திறந்து, கீபோர்டு ஒயர் மதர்போர்டில் சேரும் இடத்தில் இந்தப் போர்டை இணைக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதுதான் இனி கீபோர்டு. கம்ப்யூட்டர் பேசுவது ஐந்து வோல்ட். போர்டு தாங்குவது மூன்று சொச்சம். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்க இன்னொரு சில்லு. பழைய மாடல்களை வைத்து வேலை செய்பவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருந்து எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தான். போலந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர். எல்லோரும் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள்போல அவனுக்குத் தோன்றியது.

சந்திரம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் தடவை இணைத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. அனுப்பும் ஒயரையும் வாங்கும் ஒயரையும் மாற்றிப் பற்றவைத்திருந்தான். அடுத்த தடவை கீபோர்டு வேலை செய்தது, ஆனால் ‘எஸ்’ அடித்தால் ‘டி’ விழுந்தது. அதையும் சரிசெய்து என்டரைத் தட்டியதும் திரையில் காய்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. சந்திரம்மாள் உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ போட்டு எடுத்துவந்தார். டம்ளரில் முக்கால் அளவுதான் ஊற்றியிருந்தார். தளும்பக் கூடாதே என்றுதான் என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது.

டீ குடிக்கும்போது முபின் கேட்டான்: “யாரும்மா அந்த வெள்ளக்காரரு?”

“ஹென்றிக்னு பேரு. டென்மார்க்காரரு. மாடியில நடு ரூம்ல இருந்தாரு. எங்க ஊட்டுக்காரரு லாரில போயி செத்தப்பறம், ரூம் வாடகையிலதான் பொழப்பு. பொண்ணு அறிவுமதி அப்ப ரெண்டாவது படிக்கறா. அவரு வருஷா வருஷம் மழை முடிஞ்சா வருவாரு, வெயில் ஆரம்பிச்சா போவாரு. ஏதோ மொழிபெயர்க்கறேன்னு இந்தப் பொட்டிய வெச்சி தட்டிக்கினே இருப்பாரு. சாயந்திரத்துல செஸ் ஆடுவோம். அவர்தான் சொல்லிக் குடுத்தாரு.”

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தார்.

“தெருவுல பேச ஆரம்பிச்சாங்க. கீழ்பென்னாத்தூர்ல இருந்து என் கொழுந்தன் வந்து, காலி பண்ணுன்னு அவருகிட்ட சொல்லிட்டாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் சொல்லல. என்ன சொல்றது? அவரு பையைக் கட்டிக்கினு போயிட்டாரு. இத மட்டும் விட்டுட்டுப் போனாரு. ஆடறதுக்கு ஆள் வேணுமேன்னு. ரெண்டு மூணு வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அப்பறம் வரல.”

“அவரு ஞாபகமாத்தான் இத வெச்சிருக்கீங்களா?”

சந்திரம்மாள் அவனை வேடிக்கையாகப் பார்த்தார். “அவரு ஆட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. அவரு தோக்கறதுக்குன்னே ஆடுவாரு. நான் கெலிச்சா சந்தோஷப்படுவேன்னு. இவன் இரக்கமே இல்லாம ஆடுவான். ஊர்ல எல்லாரும் என்னைப் பாவம் பாவம்னு பாத்தாங்க. இவன் ஒருத்தன்தான் பாக்கல. அதான் புடிச்சுது.”

மவுஸ்தான் பிடிகொடுக்கவில்லை. புது மவுஸைத் தொட்டாலே அம்பு திரையின் மூலைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பழைய மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் நூறு தடவை சொல்லும் என்றால், புதியது ஆயிரம் தடவை சொன்னது. “பேய் புடிச்ச மாதிரி ஓடுதே” என்றார் சந்திரம்மாள். முபின் வேகத்தைக் குறைத்து எழுதினான். அதுவும் படிந்தது. அவன் கையில் மவுஸ் நன்றாகவே ஓடியது. ஒரு சிப்பாயை நகர்த்திக் காட்டிவிட்டு எழுந்து, நாற்காலியை அவருக்குக் கொடுத்தான்.

சந்திரம்மாள் மவுஸைப் பிடித்தார். அம்பு திரையில் துடித்தது. குதிரைமேல் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார். அழுத்தும் நொடியில் விரல் உதறி, பக்கத்திலிருந்த மந்திரி எழும்பியது. அது தானாகவே ஒரு கட்டத்தில் போய் விழுந்தது. கம்ப்யூட்டர் யோசித்து, அந்த மந்திரியை வெட்டியது.

“ஐயோ, திரும்ப எடுத்துக்கலாம்மா—”

“வேணாம். விழுந்தது விழுந்ததுதான்.”

அவர் தொடர்ந்து ஆடினார். அடுத்து ராணி போனது, அதுவும் கை உதறியதால்தான். ஆட்டம் முடிந்ததும் கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார். மூடிய கைக்கு அடியிலும் அது ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார் என்றார், மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றார். “பழைய மவுஸ்லயும் இப்படித்தான். ஒரு வருஷமா இவன் கெலிக்கறது இவன் ஆட்டத்தால இல்ல. அது இவனுக்குத் தெரியாது.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் முபினுக்கு அந்தக் கை கண்ணில் நின்றது. பைக்கை நிறுத்தி உள்ளே போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தபோது ஒன்று பட்டது. மவுஸ் சொல்வது நேராகக் கம்ப்யூட்டருக்குப் போவதில்லை. நடுவில் அவன் வைத்த போர்டு இருக்கிறது. ஒவ்வொரு அசைவும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். எதை மேலே சொல்வது, எதை விழுங்குவது என்பது அவன் எழுதுவதுதானே?

அடுத்த முறை லேப்டாப்பையும் எடுத்துப் போனான். “மவுஸ் மேல கைய வெச்சிக்கினு சும்மா இருங்கம்மா” என்றான். அவர் வைத்துக்கொண்டு இருந்தார். லேப்டாப் திரையில் ஒரு கோடு அலை அலையாக எழும்பி ஓடியது. ஒரே உயரம், ஒரே இடைவெளி. யாரோ சலிக்காமல் வரைந்த மாதிரி.

“இது என்ன?”

“உங்க கைம்மா.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். “பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அந்தப் பதிவை வைத்துக்கொண்டு முபின் பல நாட்கள் வேலை செய்தான். ஆபீஸ் கூட்டத்தில் யாரோ அளவுகள் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவன் அந்த அலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நடுக்கம் ஒரு தாளத்தில் வந்தது. வேண்டுமென்று நகர்த்துவது அந்தத் தாளத்தில் வராது; மெதுவாக, ஒரே திசையில் வரும். இரண்டையும் பிரிக்க வேண்டும். அதிகம் வடிகட்டினால் அம்பு சேற்றில் போவதுபோல இழுத்தது. குறைத்தால் துடித்தது. ஒரு சொடுக்குக்குப் பின்னால் ஒட்டிவரும் சொடுக்குகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. விரல் அழுத்தும் நேரத்தில் அம்பு நகரவே கூடாது.

ஞாயிறுதோறும் போனவன் நடுவில் புதன்கிழமையும் போக ஆரம்பித்தான். புதிதாக எழுதியதைப் போட்டுப் பார்ப்பான், அவர் ஒரு ஆட்டம் ஆடுவார், அவன் குறித்துக்கொள்வான். அடை சுட்டு வைத்திருப்பார். மாடியில் காயும் வடகத்தைக் குரங்கு தின்ற கதையைச் சொல்வார். சதஃபைப் பற்றி அவனாகவே ஒருநாள் சொன்னான். அவர் முழுதும் கேட்டார். கடைசியில், “ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்தா அது இன்னும் கஷ்டம்” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலையை இன்னும் சீக்கிரமாக முடித்திருக்கலாம் என்பது முபினுக்குத் தெரியும். அவசரம் என்ன என்று இருந்துவிட்டான்.

ஆனாலும் அது முடிந்தது. ஒரு ஞாயிறு மதியம், மழை விட்டு, ஊரை ஒட்டிய மலை கழுவிவிட்டதுபோல் தெரிந்த நேரம், சந்திரம்மாள் மவுஸைப் பிடித்தார். அம்பு நகர்ந்தது. நிதானமாக, நேராக, குதிரைமேல் போய் நின்றது. அவர் அழுத்தினார். குதிரை எழும்பியது. நினைத்த கட்டத்தில் இறங்கியது.

அவர் தன் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

“கை ஆடுது. அது ஆடல.”

“ஆமாம்மா.”

“எப்படி?”

“ஆட்டத்த மட்டும் போர்டு வாங்கி வெச்சிக்கும். மத்தத அனுப்பிடும்.”

அவர் முகத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. அந்த வியாதியில் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. கண் மட்டும் நிறைந்து நின்றது. துடைத்துக்கொள்ளாமல் திரைப் பக்கம் திரும்பி அடுத்த காயை எடுத்தார். பிறகு அதற்கடுத்தது. கம்ப்யூட்டர் யோசிக்கும்போது அவரும் யோசித்தார். வெகுநாளாகத் தன் ஆட்டத்தை ஆடாமல் இருந்தவர் ஆடுகிற ஆட்டமாக இருந்தது அது. முபின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதலில் அவனிடம் ஏதோ சொன்னார். பிறகு தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அதுவும் இல்லை. அவன் இருப்பதையே மறந்துவிட்டார் என்று புரிந்ததும் மெல்ல எழுந்து கருவிகளைப் பைக்குள் போட்டான்.

“வரேன்ம்மா.”

அவர் திரும்பவில்லை. “கதவ சாத்திட்டுப் போ தம்பி. கொரங்கு பூந்துடும்.”

அவன் சாத்திவிட்டுப் போனான்.

புதன்கிழமை வந்தது. போக ஒரு காரணமும் இல்லை. சரிசெய்ய வேண்டியது சரியாகிவிட்டது. போன் வருமா என்று பார்த்தான். ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கலாம், கீபோர்டு நின்றிருக்கலாம். வரவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அது அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, ஒரு பக்கம் என்னவோ போலவும் இருந்தது. ஞாயிறும் போகவில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்குச் செங்கம் ரோடு முழுக்க ஜனமாக நடந்தது. அன்றைக்குப் போக முடியாது என்பதே ஒரு ஆறுதலாகப் போயிற்று. மறுநாள் ஒரு காரணம் கண்டுபிடித்தான். மவுஸுக்கு இன்னும் நீளமான ஒயர் வாங்கி வைத்திருந்தான். அதைக் கொடுத்துவிட்டு வரலாம்.

வீடு பூட்டியிருந்தது. எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் தங்கம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

“உனக்குச் சொல்லலையா பாய்? பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. விடிகாலைல விழுந்தது, பால்காரர் வந்துதான் பாத்திருக்காரு. இடுப்பு எலும்பு. ஆப்ரேசன் ஆயிடுச்சு. பொண்ணு வந்து கூட இருக்கா.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“வேலூர்ல. விழுந்த வாரமே போயிட்டாங்க. நாளான்னிக்கு இட்டாந்துடுவாங்கன்னு பேச்சு.”

எந்த வாரம் என்று கேட்டான். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்த ஞாயிற்றுக்கு அடுத்து வந்த வாரம்தான். அந்தப் புதன்கிழமை போயிருந்தால் தெரிந்திருக்கும். போயிருந்தாலும் விடிகாலையில் போயிருக்க மாட்டான். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினான்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்த பெண்ணுக்கு அவன் வயதுதான் இருக்கும். தூக்கம் இல்லாத முகம்.

“யாருங்க வேணும்?”

“அம்மாவப் பாக்கணும். நான் முபின்.”

“நீங்க... அம்மாவுக்கு என்ன வேணும்? இங்க குடியிருந்தீங்களா?”

முபின் சொந்தம் இல்லை. குடியிருந்தவன் இல்லை. நண்பன் என்று சொன்னால் அந்தப் பெண் எப்படி எடுத்துக்கொள்வாரோ. “மவுஸ் ரிப்பேர் பண்ண வந்தவன்” என்றான்.

அறிவுமதியின் முகம் சட்டென்று இளகியது. “ஓ, நீங்கதானா? உள்ள வாங்க. ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சதும் மவுஸ் மவுஸ்னு ஏதோ சொல்லிக்கினே இருந்தாங்க. எலி வருது போலன்னு நர்ஸ் கட்டிலுக்கு அடியிலெல்லாம் பாத்தாங்க.”

சந்திரம்மாள் கட்டிலில் இருந்தார். பாதியாகக் குறைந்துபோயிருந்தார். குரல் உள்ளே போயிருந்தது; குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

“ஓசூருக்குக் கூட்டிக்கினு போறா.”

“நல்லதும்மா. தனியா இருக்க வேணாம்.”

“கெலிச்சுட்டேன் தம்பி. அன்னிக்கு. நீ போனப்பறம்.”

“எனக்கு போன் பண்ணியிருக்கலாமேம்மா?”

“நீ வருவன்னு இருந்தேன்” என்றார்.

முபின் தலையைக் குனிந்துகொண்டான். கூடத்தில் அறிவுமதி அட்டைப்பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை ஓசூரில் தானே வந்து பொருத்தித் தருவதாக முபின் அவரிடம் சொன்னான். அவர் சங்கடப்பட்டார்.

“ரெண்டு ரூம் வீடுங்க. ரெண்டு பசங்க, மாமியார் வேற. அம்மா கட்டில் போடறதுக்கே இடம் பாத்துக்கினு இருக்கோம். டேப்லெட்ல செஸ் போட்டுத் தந்துடறேன், அத படுத்துக்கினே ஆடலாம். இத என்ன பண்றதுன்னுதான் தெரியல.” கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சின்ன வயசுல எனக்கு இதக் கண்டாலே ஆகாது. ஸ்கூல்ல பசங்க ஏதாவது சொல்லுவாங்க. ஆனா இது இல்லன்னா அம்மா இத்தன வருஷம் எப்படி இருந்திருப்பாங்கன்னு இப்ப தோணுது.”

உள்ளிருந்து சந்திரம்மாள் ஏதோ சொன்னார். அறிவுமதி போய்க் கேட்டுவிட்டு வந்தார். “உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்றாங்க.”

ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, டிவியைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். அப்பாவின் மேஜையைக் காலி செய்து அதில் வைத்தான். எல்லாவற்றையும் இணைத்துத் தட்டியதும் பலகை வந்தது. அவனுக்கு ஆட்டம் அரைகுறையாகத்தான் தெரியும். மவுஸைப் பிடித்தான். அம்பு தாமதித்துத்தான் கிளம்பியது. அவன் கை நின்ற பிறகும் கொஞ்ச தூரம் போய் நின்றது. நடுங்காத கைக்கு அது பாரமாக இருந்தது. பழையபடி மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. அவன் மாற்றவில்லை. அந்த வேகத்திலேயே ஆடி, அந்த வேகத்திலேயே தோற்றான். அடுத்த வாரமும் தோற்றான். சந்திரம்மாள் சொன்னது உண்மைதான். அதற்கு இரக்கமே இல்லை.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு காலை, ஓசூரிலிருந்து அறிவுமதி கூப்பிட்டார். “அம்மா டேப்லெட்ல ஆட மாட்டேங்கறாங்க. கை படற இடமெல்லாம் ஏதேதோ ஆயிடுது. உங்ககிட்ட பேசணும்னு சொன்னாங்க. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.”

முபின் காத்திருந்தான். பசங்கள் சத்தம் கேட்டது, ஒரு கதவு சாத்தும் சத்தம், பிறகு மூச்சு.

“அம்மா? நல்லா இருக்கீங்களா?”

மூச்சுதான் கேட்டது. நடுவில் ஏதோ ஒரு சொல்.

“உங்க கம்ப்யூட்டர் நல்லா இருக்கும்மா. டெய்லி என்னைத் தோக்கடிக்குது. இப்ப ஆன் பண்ணித்தான் இருக்கு.” திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “ஆடறீங்களா? நீங்க சொல்லுங்க, நான் நகத்தறேன்.”

மறுமுனையில் ஏதோ சலசலத்தது. அறிவுமதி சொன்னார்: “ராஜாவுக்கு முன்னாடி சிப்பாய், ரெண்டு கட்டம்னு சொல்றாங்க.”

முபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்பு நிதானமாகப் போய்ச் சிப்பாயைத் தூக்கிவைத்தது. கம்ப்யூட்டர் ஆடியதை அவன் சொன்னான். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. அறிவுமதிக்கு அடுப்பில் வேலை இருந்தது. போனைத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு சந்திரம்மாளின் குரல் மட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. குதிரை என்றாரா, எதிரே என்றாரா தெரியவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்தினான். திரும்பக் கேட்டால் அவருக்கு வலிக்குமோ என்று இருந்தது.

“குதிரையா ம்மா?”

மூச்சு.

எந்தக் குதிரை, எந்தக் கட்டம் என்று அவனாக யோசித்தான். ஞாயிறும் புதனுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து, அவராக இருந்தால் எங்கே வைப்பார் என்று யோசித்தான். வைத்தான்.

“ராஜா பக்கத்துக் குதிரைய வெளிய எடுத்து வெச்சிருக்கேன். சரிதானேம்மா?”

பதில் இல்லை. வெகுநேரம் கழித்து அறிவுமதி போனை எடுத்தார்.

“தூங்கிட்டாங்க போலிருக்கு. முகம் பாத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது முபின். சந்தோஷமா இருக்காங்களா இல்லையான்னு எனக்கே தெரியல.” பிறகு, “அடுத்த ஞாயித்துக்கெழம கூப்பிடட்டுமா?” என்றார்.

“கூப்பிடுங்க. நான் வீட்லதான் இருப்பேன்.”

போனை வைத்தான். வீடு அமைதியாக இருந்தது. திரையில் கம்ப்யூட்டர் தன் யானையை நகர்த்திவிட்டு, அவருடைய முறைக்காக நின்றது. ஸ்விட்சை அணைத்தால் ஆட்டம் போய்விடும். முபின் அதை அப்படியே ஓடவிட்டு, டிவியின் வெளிச்சத்தை மட்டும் குறைத்துவைத்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாடு வாங்கக் கிளம்பினான்.